கடைசி பெஞ்சிலிருந்து கரும்பலகை

கேள்வி: பாடத்திட்டத்தைத் திருத்தும் முன் கேரளத்தில் மாணவர்களிடமே கருத்துக் கேட்டார்கள். எப்படிக் கற்பிப்பது என்று பிள்ளைகளா சொல்வது? நோயாளியே மருந்துச் சீட்டு எழுதுவதுபோல் இருக்கிறதே!
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விருத்தாசலம்

பதில்: நோயாளி சீட்டு எழுத வேண்டாம், ஐயா. எங்கே வலிக்கிறது என்பதை அவர்தானே சொல்ல வேண்டும்? 2022 நவம்பரில் கேரளத்தில் பிள்ளைகளை வகுப்பறையிலேயே பேசவைத்துக் கேட்டது அதைத்தான். பாடநூல் எழுதும் வேலையை யாரும் அவர்கள் தலையில் கட்டவில்லை. 2024-ல் வரத் தொடங்கிய புதிய நூல்களை எழுதியவர்கள் பெரியவர்கள்தான்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது, பிற்பகலில் மேற்கு ஜன்னல் வெயில் கரும்பலகையில் விழுந்து கண்ணைக் கூசும். ஓரத்து பெஞ்சில் இருந்த நான்கு பேருக்குக் கணக்கின் கடைசி இரண்டு வரிகள் தெரியவே தெரியாது. பக்கத்துப் பையன் நோட்டை எட்டிப் பார்த்து எழுதுவோம். பார்த்து எழுதியதற்கு அடி விழும். ஆண்டு முழுவதும் அப்படியே போயிற்று. பெஞ்சை இரண்டடி நகர்த்தியிருந்தால் தீர்ந்திருக்கும். எங்களை யாரும் கேட்கவில்லை. நாங்களாகச் சொல்லும் துணிச்சலும் எங்களுக்கு இல்லை. அந்த நான்கு பேரில் ஒருவன் அதோடு படிப்பையே விட்டுவிட்டான். இன்றும் எனக்கு ஆறவில்லை.

பின்லாந்தில் 2016 முதல் நடப்பில் உள்ள பாடத்திட்டம், ஆண்டுக்கு ஒருமுறையாவது பல பாடங்களை இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்கிறது. அதைத் திட்டமிடும்போது மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. நம் நாடு 1992-ல் ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-வது பிரிவும், தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்குத் தருகிறது. ஆக, இது சலுகை இல்லை.

எனக்கு இருக்கும் கவலை வேறு. ஒரு நாள் கேட்டுவிட்டு, தாள்களைக் கட்டி அலமாரியில் போட்டுவிடக் கூடாது. 'நீங்கள் சொன்னதில் இதைச் செய்தோம், இதைச் செய்ய முடியவில்லை, காரணம் இது' என்று அதே வகுப்புக்குத் திரும்பி வந்து சொல்ல வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது.

பணியில் இருந்த காலத்தில், ஒரு பிற்பகலாவது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்திருக்கிறீர்களா, ஐயா?