காகத்தின் விலை பத்து சென்ட்டா?

கேள்வி: பல வருடங்களாக வாட்டர்கலரில் வரைகிறேன், போட்டோவும் எடுப்பேன். தோழி சொன்னாள் என்று ஆறு மாதத்துக்கு முன் ஒரு ஸ்டாக் தளத்தில் (படங்களைப் பயன்படுத்தும் அனுமதியைப் பலருக்கும் விற்கும் இணையதளம்) 43 படங்களை ஏற்றினேன். 11 படங்கள் திரும்பி வந்துவிட்டன. சைக்கிள் கைப்பிடியில் ஒரு காகம் உட்கார்ந்திருக்கும் ஓவியம் மட்டும் மூன்று தடவை விற்றது. அதில் ஒரு விற்பனைக்கு எனக்கு வந்தது பத்து சென்ட்! இப்போது நோட்டுப் புத்தகம் தயாரிக்கும் ஒரு நிறுவனம் அதே காகத்தைப் பார்த்துவிட்டு, "முழு உரிமையையும் எங்களுக்கே எழுதிக் கொடுங்கள், ஒரே தொகையாகத் தந்துவிடுகிறோம்" என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. பத்து சென்ட்டைப் பார்த்த கண்ணுக்கு அது பெரிய தொகை. கையெழுத்துப் போடலாமா? போன வாரம் இணையத்தில் ஒரு டீ-ஷர்ட்டிலும் என் காகத்தைப் பார்த்தேன். அதற்கு என்ன செய்வது? இனிமேல் எல்லாப் படத்திலும் வாட்டர்மார்க் (படத்தின் மேல் மங்கலாகத் தெரியும் பெயர்) போட்டுவிடலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்: முதலில் அந்த மின்னஞ்சல். இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். தொகை போதுமா போதாதா என்ற பேச்சுக்கே இன்னும் வரவில்லை. அந்தக் காகத்தை "முழு உரிமையோடு" எழுதிக் கொடுக்கும் நிலையில் நீங்கள் இல்லை, அதுதான் சிக்கல்.

ஸ்டாக் தளத்தில் மூன்று பேர் அதை வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் வாங்கியது படத்தைப் பயன்படுத்தும் அனுமதி. "ராயல்டி-ஃப்ரீ" என்று அதற்குப் பெயர். பெயரைப் பார்த்துப் பலர் இலவசம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு தடவை காசு கட்டிவிட்டால் அப்புறம் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனியாகக் கட்ட வேண்டாம், அவ்வளவுதான். பெரும்பாலும் காலக்கெடுவும் கிடையாது. ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் என்ற இரண்டு ஸ்டாக் தளங்களிலும் சாதாரண லைசென்ஸிலேயே ஐந்து லட்சம் பிரதிகள் வரை அச்சடித்துக்கொள்ளலாம். வாங்கியவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியாது. அவர்களில் ஒருவர் நாளைக்கு ஒரு பெட்டியின் மேல் உங்கள் காகத்தை அச்சடித்தால் அது அவர் காசு கொடுத்து வாங்கிய உரிமை. இன்று ராத்திரியே தளத்திலிருந்து படத்தை நீக்கினாலும் புதிதாக யாரும் வாங்க முடியாதே தவிர, ஏற்கெனவே கொடுத்த அனுமதி போய்விடாது.

இனி நிறுவனம் அனுப்பப்போகும் ஒப்பந்தத்தை நினைத்துப் பாருங்கள். "இந்தப் படத்தில் வேறு எவருக்கும் எந்த உரிமையும் தரப்படவில்லை என்று ஓவியர் உறுதி கூறுகிறார், மாறாக இருந்தால் ஏற்படும் நஷ்டத்தை ஓவியரே ஏற்பார்" என்ற பொருளில் ஒரு பத்தி கட்டாயம் இருக்கும். நாம் எல்லாரும் கண்ணை ஓட்டிவிட்டுத் தாண்டும் பத்தி அதுதான். பத்து சென்ட் விற்பனை உங்களை மாட்டிவிடும் இடமும் அதுதான்.

அதற்காக அவர்களை இழக்க வேண்டாம், இரண்டு வழி இருக்கிறது. காகம் ஏற்கெனவே ஸ்டாக் தளத்தில் விற்றிருப்பதை மறைக்காமல் சொல்லிவிட்டு, நோட்டுப் புத்தக அட்டைக்கு மட்டும், இத்தனை வருடத்துக்கு, இத்தனை பிரதிக்கு என்று தனியுரிமை இல்லாத (அதாவது அவர்களுக்கு மட்டும் என்று இல்லாத) லைசென்ஸ் கொடுக்கலாம். இல்லையென்றால், அவர்களுக்கென்றே புதிதாக ஒரு காகம் வரைந்து தரலாம், அதை எந்தத் தளத்திலும் ஏற்றாமல். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஒன்று மட்டும் கவனியுங்கள்: இனி காகமே வரையக்கூடாது என்று பொருள்படும் வரி ஒப்பந்தத்தில் நுழைந்துவிடக்கூடாது.

"முழு உரிமை" என்ற சொல்லை நான் ஏன் இவ்வளவு சந்தேகமாகப் பார்க்கிறேன் என்றால், அதில் சூடுபட்டவள் நான். பல வருடம் முன்பு ஒரு காலண்டருக்குப் பன்னிரண்டு படம் வரைந்து கொடுத்தேன். கேட்டது காலண்டருக்கு, கையெழுத்துப் போட்டது "எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாக" என்ற தாளில். அப்புறம் அதே படங்கள் வாழ்த்து அட்டையாக வந்தன, தகர டப்பா மூடியில் வந்தன. எனக்கு ஒரு காசு வரவில்லை, கேட்கவும் வழியில்லை. என் சொந்தத் தொகுப்பில் அந்தப் படங்களைச் சேர்க்க அவர்களிடம் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினேன். பதில் வர நாலு மாதம் ஆனது.

முழு உரிமையை விற்பதே தப்பு என்று சொல்லவில்லை. விண்டோஸ் எக்ஸ்பி திரையில் இருந்த பச்சைக் குன்றும் நீல வானமும் நினைவிருக்கிறதா? சார்லஸ் ஓ'ரியர் 1996இல் எடுத்த படம். ஸ்டாக் நிறுவனம் வழியாகத்தான் மைக்ரோசாஃப்ட் கையில் கிடைத்தது. அவர்கள் அதன் உரிமையை மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். தொகையை வெளியே சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம். அந்த மாதிரி விலை வந்தால் தாராளமாக விற்கலாம். ஆனால் எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறோம் என்று எண்ணிப் பார்த்துவிட்டு விற்க வேண்டும். எந்தப் பொருளில், எந்த நாடுகளில், எத்தனை வருடம், எத்தனை பிரதி, அவர்களுக்கு மட்டுமா, மற்றவர்களுக்கும் கொடுக்கலாமா. இந்தக் கேள்விகளுக்கு நிறுவனம் பதில் எழுதி அனுப்பும்வரை விலையைப் பற்றி வாயே திறக்காதீர்கள். அச்சில் ஆயிரம் பிரதி போடுகிறவரும் பத்து லட்சம் போடுகிறவரும் ஒரே தொகை தருவது எந்த ஊர் நியாயம்?

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: தாளில் இருக்கும் அசல் ஓவியத்தை விற்றாலும் அதன் பதிப்புரிமை தானாகக் கூடவே போய்விடாது. வாங்கியவர் சுவரில் மாட்டிக்கொள்ளலாம், அச்சடித்து விற்க முடியாது. அதற்குத் தனியாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ஆகையால் காகத்தின் அசலை யாராவது கேட்டால் தயங்காமல் விற்கலாம்.

சரி, அந்தப் பத்து சென்ட். உங்களை யாரும் தனியாக ஏமாற்றவில்லை. ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூன் முதல் படைப்பாளிகளுக்கான பங்கை ஆறு படிகளாக்கியது. முதல் படியில் 15 சதவீதம், கடைசிப் படியில் 40. அந்த வருடம் எத்தனை படம் விற்றதோ அதை வைத்துப் படி ஏறும். ஜனவரி 1 வந்ததும் எல்லாரும் மறுபடி முதல் படிக்கு இறங்க வேண்டும். வாங்குகிறவர் மாதச் சந்தாவில் நூற்றுக்கணக்கான படங்களை இறக்குகிறார் என்றால் ஒரு படத்தின் பங்குக்கு வருவதே சில்லறை, அதில் 15 சதவீதம் என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். அடோபி ஸ்டாக்கில் படங்களுக்கு 33 சதவீதம், இந்தப் படி விளையாட்டும் இல்லை. என் கணக்கில், ஸ்டாக் தளங்கள் ஆயிரக்கணக்கில் படம் வைத்திருப்பவர்களுக்கான இடம். அலுவலக மேசை, மழைத்துளி, வெள்ளைப் பின்னணியில் கத்தரிக்கோல் என்று தேவை பார்த்து எடுத்துத் தள்ளுகிறவர்கள் அங்கே பிழைப்பார்கள். ஒரு காகத்துக்கு ஒரு வாரம் செலவழிக்கும் நீங்கள் போட்டோவை அங்கே வையுங்கள், ஓவியத்தை வைக்காதீர்கள்.

ஓவியத்துக்கு வேறு கடைகள். ஃபைன் ஆர்ட் அமெரிக்கா, ரெட்பபிள் மாதிரி தளங்களில் கேட்கக் கேட்க அச்சடித்து அவர்களே அனுப்பிவிடுவார்கள். அடக்க விலைக்கு மேல் உங்கள் லாபம் எவ்வளவு என்று நீங்கள் வைத்துக்கொள்ளலாம். எட்ஸி என்ற விற்பனைத் தளத்தில் நீங்களே கடைக்காரர்: ஒரு பொருளைப் பட்டியலில் போட 20 சென்ட், அது நாலு மாதம் நிற்கும். விற்றால் 6.5 சதவீதம் கமிஷன், அனுப்பும் செலவாக வாங்கும் பணத்துக்கும் சேர்த்து. பணம் கைமாறும் கட்டணம் தனி. விலை வைக்கும்போது இதையெல்லாம் கூட்டாமல் விட்டுவிட்டு, மாதக் கடைசியில் திருதிருவென்று முழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அச்சுக்குப் போகும் படம் பெரிதாக இருக்க வேண்டும். ஸ்டாக் தளம் 4 மெகாபிக்ஸல் இருந்தால் வாங்கிக்கொள்ளும். ஏ3 தாளில் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) தெளிவாக அச்சிட ஏறக்குறைய 3508-க்கு 4961 பிக்ஸல், அதாவது 17 மெகாபிக்ஸலுக்கு மேல் வேண்டும். வாட்டர்கலரைப் போனில் படம் பிடிக்காமல் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். தாளின் சொரசொரப்புகூடத் தெரியும், ஏ4 ஓவியத்தை ஏ2 அளவுக்கும் போடலாம். அந்தப் பெரிய கோப்பைப் பணம் கைக்கு வருமுன் யாருக்கும் அனுப்பாதீர்கள், நோட்டுப் புத்தகக்காரர் உட்பட.

திரும்பி வந்த 11 படங்களைப் பற்றி நீங்கள் விவரம் எழுதவில்லை. பெரும்பாலும் போட்டோக்களாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் திரையில் நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கி, ஓரத்திலிருந்து ஓரம் வரை மெதுவாக நகர்த்திப் பாருங்கள். சின்னதாகப் பார்க்கும்போது பளிச்சென்று இருந்த கண்ணில் ஃபோகஸ் அரை விரல்கடை தள்ளி, காதில் விழுந்திருக்கும். நிழலில் மணல் தூவினாற்போல் புள்ளிகள் இருக்கும். பின்னால் நிற்கும் சைக்கிளில் கம்பெனி பெயர் தெரியும். அதுவே போதும், விளம்பரப் பயன்பாட்டுக்கு ஆகாது என்று தள்ளிவிடுவார்கள். அடையாளம் தெரிகிற முகம் இருந்தால் அந்த ஆளின் கையெழுத்தோடு மாடல் ரிலீஸ் என்ற சம்மதப் படிவம் வேண்டும், குழந்தை என்றால் பெற்றோர் கையெழுத்து. படிவம் இல்லாத தெருக் காட்சிகளை "எடிட்டோரியல்" பிரிவில் கொடுத்துப் பார்க்கலாம். செய்தி, கட்டுரைகளுக்கு மட்டும் பயன்படும். அதில் எதையும் அழித்தோ சேர்த்தோ இருக்கக்கூடாது.

கட்டடங்களிலும் கண்ணி உண்டு. ஈஃபில் கோபுரத்தைப் பகலில் எடுத்து விற்றால் யாரும் கேட்கமாட்டார்கள். ராத்திரி எடுத்தால் அந்த விளக்கு அலங்காரத்துக்குத் தனிப் பதிப்புரிமை இருக்கிறது என்று தளங்கள் திருப்பி அனுப்பிவிடும்.

இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காகத்தை எதைப் பார்த்து வரைந்தீர்கள்? நேரில் பார்த்தோ, நீங்கள் எடுத்த போட்டோவை வைத்தோ என்றால் நிம்மதி. இணையத்தில் கிடைத்த வேறொருவரின் போட்டோவை அப்படியே பார்த்து வரைந்தது என்றால், தூரிகை உங்களுடையதாக இருந்தாலும் அவர் உரிமை கோரலாம். அப்படியானால் அதை ஸ்டாக் தளத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள், நிறுவனத்துக்கும் கொடுக்காதீர்கள். நேரில் பார்த்தது என்றால் முதல் பென்சில் கோடுகள், பாதியில் நின்ற தாள்கள், தேதியோடு இருக்கும் ஸ்கேன் எதையும் தூக்கிப் போடாதீர்கள். இதோ, டீ-ஷர்ட் விவகாரத்துக்கே அவை தேவைப்படும்.

அந்த டீ-ஷர்ட்காரர் திருடர் என்று முடிவு கட்டுமுன் ஒரு சின்ன வேலை. டீ-ஷர்ட், கோப்பை போன்று படத்துக்காகவே வாங்கப்படும் பொருள்களில் அச்சடித்து விற்கச் சாதாரண லைசென்ஸ் போதாது, கூடுதல் விலையுள்ள விரிவான லைசென்ஸ் வேண்டும். உங்கள் மூன்று விற்பனைகளில் ஏதாவது ஒன்றில் மற்றவற்றைவிடக் கணிசமாகக் கூடுதல் தொகை வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் அவர் முறையாக வாங்கியவராக இருக்கலாம். மூன்றுமே சில்லறை என்றால் புகார் கொடுங்கள். படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸ், டின்ஐ (TinEye) இரண்டிலும் உங்கள் படத்தைப் போட்டுத் தேடினால் வேறு எங்கெல்லாம் உட்கார்ந்திருக்கிறது என்றும் தெரியும். அந்தக் கடை இருக்கும் தளத்தில் பதிப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்கும். 1998இல் வந்த டிஎம்சிஏ என்ற அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தை ஒட்டிய படிவம் அது. உங்கள் அசல் இருக்கும் பக்கம், அவர் விற்கும் பக்கம் இரண்டின் முகவரியும், உங்கள் பெயரும் தொடர்பு விவரமும், எல்லாம் உண்மை என்ற உறுதிமொழியும், கையெழுத்தும் வேண்டும். தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் அந்தச் சட்டப்படி நஷ்டஈடு கட்ட வேண்டி வரலாம், அதனால்தான் முதலில் கணக்கைப் பார்க்கச் சொன்னேன். புகாருக்குமுன் அந்தப் பக்கத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் அது இருக்காது. பதிவு செய்தால்தான் பதிப்புரிமை என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். பெர்ன் உடன்படிக்கை என்ற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் வரைந்த கணமே உரிமை உங்களுடையது. வழக்கு வரை போவதென்றால் சில நாடுகளில் பதிவு கைகொடுக்கும்.

வாட்டர்மார்க் பற்றிக் கேட்டீர்கள். ஸ்டாக் தளத்துக்கு அனுப்பும் படத்தில் போடவே கூடாது, போட்டால் திரும்பி வரும். பார்வைக்கு வைக்கும் படத்தில் தளமே தன்னுடையதைப் போட்டுக்கொள்ளும். உங்கள் சொந்தப் பக்கத்தில் வேண்டுமானால் போடுங்கள். நான் போடுவதில்லை, சின்ன அளவில் மட்டும் ஏற்றுவேன்.

அமெரிக்கத் தளங்களில் வெளிநாட்டவர் டபிள்யூ-8பென் என்ற வரிப் படிவத்தை நிரப்ப வேண்டும். விட்டுவிட்டால் அந்த நாட்டில் விற்றதற்கு வரும் பங்கில் 30 சதவீதம் வரை பிடித்துக்கொள்வார்கள். பத்து சென்ட்டில் மூன்று சென்ட்!

நிறுவனத்துக்கு இப்படி எழுதுங்கள்: "காகம் உங்களுக்குப் பிடித்ததில் மகிழ்ச்சி. அந்த ஓவியம் ஏற்கெனவே தனியுரிமை இல்லாத முறையில் சிலருக்கு லைசென்ஸ் ஆகியிருப்பதால் முழு உரிமை தர இயலாது. உங்கள் நோட்டுப் புத்தகத்துக்காகப் புதிய காகம் ஒன்று வரைந்து தர முடியும். எத்தனை பிரதிகள், எந்த நாடுகள், எத்தனை வருடங்கள் என்று தெரிவித்தால் விலை சொல்கிறேன்." பதில் வந்ததும் எனக்கு எழுதுங்கள், ஒப்பந்தத்தை வரி வரியாகச் சேர்ந்து பார்க்கலாம்.