ஜேட், சக்குலண்ட் (இலை, தண்டுல தண்ணிய சேத்து வெக்கிற தடிமனான செடிங்க) வளர்ப்பு: கேட்ட சந்தேகமும் சொன்ன பதிலும்

கேள்வி: அக்கா, ஜேட் செடில இலை எல்லாம் மஞ்சளாகி கை பட்டாலே உதிருது. வாரம் ரெண்டு தடவை தவறாம தண்ணி ஊத்துறேன், இன்னும் கொஞ்சம் கூட்டணுமா?

பதில்: ஐயோ வேணாம்மா, இனி ஒரு சொட்டு கூட ஊத்தாதீங்க. ஒரு இலைய விரலால லேசா அமுக்கிப் பாருங்க, மஞ்சளா கொழகொழன்னு உள்ள தண்ணி தெரியற மாதிரி இருந்தா தண்ணி ஓவர்னு அர்த்தம், சுருங்கி மெல்லிசா மடங்குச்சுன்னா தாகம். இதுல ஒரு சிக்கல் இருக்கு, இலை சுருங்கியிருக்கும் ஆனா மண்ணு ஈரமா இருக்கும், அப்ப வேர் அழுகிப்போய் தண்ணிய எடுக்க முடியாம கிடக்குன்னு வெச்சுக்கலாம், பாதி பேர் இந்த இடத்துலதான் தாகம்னு நெனச்சு மறுபடி ஊத்திடுறாங்க.

செடிய தொட்டில இருந்து எடுத்து வேரைப் பாருங்க. நல்ல வேர் கெட்டியா இருக்கும், அழுகுனது இழுத்தா தோல் மட்டும் கையோட உருவிட்டு வரும். அழுகல் தண்டுக்கு ஏறியிருந்தா கத்திய ஸ்பிரிட்டால துடைச்சுட்டு கீழ இருந்து கொஞ்சம் கொஞ்சமா வெட்டிட்டே வாங்க, வெட்டுன முகத்துல பழுப்பா ஒரு வளையம் இல்ல ஒரு புள்ளி தெரிஞ்சாகூட இன்னும் மேல போகணும், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்திய துடைக்கணும். முகம் முழுக்க வெளிர் பச்சையா சுத்தமா வந்தப்புறம்தான் நிறுத்தணும். அந்தத் துண்டை நிழல்ல ஒரு வாரம் போட்டு வெட்டு நல்லா காஞ்சு மூடுனதும் காஞ்ச கலவைல நடுங்க, வேர் விடுற வரைக்கும் தண்ணிய மறந்துடுங்க.

கேள்வி: அப்ப எத்தன நாளைக்கு ஒருக்கா ஊத்தறது? எல்லாரும் ஒவ்வொரு கணக்கு சொல்றாங்க.

பதில்: நாள் கணக்கே வேணாம் தம்பி. மத்த செடிங்க பகல்ல இலைத்துளைய தொறந்து வெச்சு காத்துல இருந்து கார்பன் டை ஆக்சைடு எடுக்குது, அதே துளை வழியா ஏகப்பட்ட தண்ணியும் ஆவியா போயிடுது. ஜேட் பகல்ல துளைய மூடிக்கும், ராத்திரி குளிர்ச்சியானதும் தொறந்து காத்தை எடுத்து மாலிக் அமிலமா இலைக்குள்ள சேத்து வெச்சுக்கும், அப்புறம் பகல் வெளிச்சத்துல அதை வெச்சு சக்கரை பண்ணிக்கும். இந்த முறைக்கு பேரே கிராசுலேசியன் ஆசிட் மெட்டபாலிசம், அதாவது நம்ம ஜேட் இருக்கிற கிராசுலேசி குடும்பத்தோட பேர்லதான் வெச்சிருக்காங்க. இவ்ளோ சிக்கனமா இருக்கிற செடிக்கு காலண்டர் பாத்து ஊத்துனா தாங்குமா சொல்லுங்க. ஒரு மரக்குச்சிய தொட்டி அடி வரைக்கும் குத்தி எடுங்க, மண்ணு ஒட்டாம காஞ்சு வந்து இலையும் லேசா தளர்ந்திருந்தா அன்னைக்கு ஊத்துங்க, ஊத்தறப்ப அடி ஓட்டைல வழியற வரைக்கும் நிறைய ஊத்துங்க. தினமும் ஒரு மூடி தெளிக்கிறதுதான் இருக்கறதுலயே மோசம், மேல மட்டும் ஈரமா இருக்கும், அடி வேருக்கு எதுவும் போய் சேராது.

கேள்வி: வாங்கின செடி முழுக்க தேங்கா நார்த்தூள்லயே இருக்கு, அப்படியே விடலாமா? அடில ஜல்லி போட்டா தண்ணி நிக்காதுன்னு சொல்றாங்களே?

பதில்: மாத்திடுங்க. நார்த்தூள் நனைஞ்சா ஈரத்தை சீக்கிரம் விடாது. பாதிக்குப் பாதி பெர்லைட், பியூமிஸ் (ரெண்டுமே தண்ணி தேங்க விடாத லேசான எரிமலைக் கல் வகை), இல்ல சலிச்ச பருமணல், சின்ன செங்கல் துண்டுன்னு ஏதாவது ஒண்ணு, மீதி சாதா தொட்டி மண்ணு, போதும். சலிக்கறப்ப அடில விழற பொடிய தூக்கிப் போட்டுடுங்க, அது இருந்தா கலவை சிமெண்ட் மாதிரி இறுகிடும்.

ஜல்லி விஷயம் எல்லாரும் நம்புறது, ஆனா வேலைக்கு ஆகாது. பொடி மண்ணுல இருக்கிற தண்ணி கீழ இருக்கிற பெரிய கல்லுக்கு சட்டுனு இறங்காது, மண்ணு நல்லா நிறைஞ்சப்புறம்தான் இறங்கும். அதனால ஈரப் பகுதி மேல ஏறி வேருக்கு இன்னும் கிட்ட வந்துடும். ஓட்டையும் நல்ல கலவையும் இருந்தா ஜல்லி எதுக்கு? மண் தொட்டின்னா இன்னும் நல்லது, பக்கவாட்டுலயும் ஈரம் போயிடும்.

கேள்வி: ஜேட்னுதான் வாங்கினேன், ஆனா இலை குட்டி குட்டியா இருக்கு, தண்டு செவப்பா இருக்கு. இது ஜேட் தானா மேடம்?

பதில்: நீங்க சொல்றத பாத்தா போர்ச்சுலகேரியா ஆஃப்ரா மாதிரி இருக்கு, இதையும் ஜேட்னே சொல்லி விக்கிறாங்க. ரெண்டுக்கும் சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா பக்கம்தான், ஆனா குடும்பம் வேற. அங்க யானை விரும்பித் தின்கிற செடி இது. அசல் ஜேட், கிராசுலா ஓவாட்டா, இலை பெருசா தடிமனா பளபளன்னு இருக்கும், தண்டும் பருமனா இருக்கும். வீட்ல பூனை, நாய் இருந்தா இந்த வித்தியாசம் முக்கியம், அசல் ஜேட் அதுங்களுக்கு ஒத்துக்காது, தின்னா வாந்தி எடுக்கும், எட்டாத இடத்துல வைங்க. இன்னொண்ணு, ஜேட் ஒரு இலைய மண்ணு மேல போட்டாலே முளைக்கும், உங்களோடதுக்கு தண்டு வெச்சாதான் சுலபமா வரும்.

கேள்வி: எச்சிவேரியான்னு ரோஜாப்பூ அடுக்காட்டம் இலை இருக்கிற சக்குலண்ட் வெச்சிருக்கேன், இலை இடுக்குல வெள்ளையா பஞ்சு பஞ்சா இருக்கு, மாவுப்பூச்சியா? தொடைச்சா போகுமா?

பதில்: பஞ்சு மாதிரி கட்டி கட்டியா இடுக்குல இருந்தா மாவுப்பூச்சி. இலை முழுக்க சீரா பவுடர் பூசுன மாதிரி இருந்தா அது செடியோட சொந்தப் பூச்சு, வெயில்ல இருந்து காப்பாத்தறது, அதை தொடைக்காதீங்க, அந்த இலைல திரும்ப வராது. பூச்சிக்கு 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை காது பட்ஸ்ல தொட்டு ஒவ்வொண்ணா வைங்க, சாயங்காலம் வெயில் போனப்புறம். ஒரு வாரம் விட்டு மறுபடி பாருங்க, முட்டைல இருந்து புதுசு வந்திருக்கும். எறும்பு ஓடுதான்னும் கவனிங்க, பூச்சி விடற இனிப்புக்காக எறும்பே அதை பாதுகாக்கும். செடி காரணமே இல்லாம சோர்ந்திருந்தா வேர்லயும் பாக்கணும், அங்க வர்ற மாவுப்பூச்சி வெளிய தெரியாது. புதுசா வாங்குற எந்தச் செடியும் ஒரு மாசம் தனியா இருக்கட்டும், கலெக்ஷன் வெச்சிருக்கவங்க இதை விடவே கூடாது.

கேள்வி: ரோஜாப்பூ மாதிரி இருந்த எச்சிவேரியா இப்ப ஒட்டகச்சிவிங்கி கழுத்தாட்டம் நீண்டுடுச்சு.

பதில்: வெளிச்சம் பத்தல. நீண்டது திரும்ப குறுகாது, தலைய கொஞ்சம் தண்டோட வெட்டி காயவெச்சு நடுங்க, அடித்தண்ட வீசிடாதீங்க, அதுல சுத்தி குட்டி கிளம்பும். ஆனா உடனே உச்சி வெயில்ல வெக்காதீங்க, காலை வெயில்ல ஆரம்பிச்சு ரெண்டு மூணு வாரத்துல மெதுவா பழக்குங்க, வெயில் சுட்ட வடு அந்த இலை இருக்கிற வரைக்கும் போகாது.

கேள்வி: லித்தாப்ஸ்ல, அதான் கூழாங்கல் மாதிரி ஒரு ஜோடி தடி இலை மட்டும் இருக்கிற செடில, பழைய இலை சுருங்குது, நடுவுல புதுசு எட்டிப் பாக்குது. தண்ணி விடட்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். பழைய ஜோடில இருக்கிற தண்ணியத்தான் புது ஜோடி குடிக்குது. பழசு காகிதம் மாதிரி காயற வரைக்கும் கை வெக்காதீங்க.

கேள்வி: பெரிய ஜேட் இருக்கு, பூக்கவே மாட்டேங்குதே அக்கா?

பதில்: வயசான செடியா இருக்கணும், நல்ல வெயில் வேணும், ராத்திரி நீளமா குளிர்ச்சியா வர்ற சீசன்ல தண்ணிய குறைக்கணும். ராத்திரி பூரா லைட் எரியற இடத்துல இருந்தா எடத்த மாத்துங்க.

கேள்வி: இலை ஓரம் செவக்குது, நோயா?

பதில்: இல்ல, நல்ல வெயில் பட்டா ஜேட்டுக்கு அப்படித்தான். இலை கெட்டியா இருக்கா, அப்ப அப்படியே விடுங்க.