கோடியக்கரை போயும் பூநாரை பார்க்கவில்லையா?

கேள்வி: போன நவம்பரில் மழை விட்ட மறுநாள் குடும்பத்தோடு கோடியக்கரை போனோம். மானும் குதிரையும் பார்த்தோம், பூநாரை ஒன்றுகூட இல்லை. இந்தத் தடவை தஞ்சாவூரிலிருந்து காரில் கிளம்பி இரண்டு நாள் சுற்றலாம் என்றிருக்கிறோம். எப்போது, எந்த வழியாகப் போவது? அப்பாவால் அதிகம் நடக்க முடியாது.

பதில்: இடத்தில் தப்பில்லை, நீங்கள் போன நேரம்தான் தப்பு. பூநாரை அலகைத் தண்ணீருக்குள் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்று நீரை வடிகட்டித் தின்கிற பறவை. அடைமழையில் வேதாரண்யம் சதுப்பில் தண்ணீர் ஏறிவிட்டால் உப்பும் நீர்த்துப்போகும், காலும் எட்டாது, கூட்டம் பிரிந்து ஆழமில்லாத இடம் தேடிப் போய்விடும். அதனால் பருவமழை ஓய்ந்து தண்ணீர் வடிய ஆரம்பித்த பிறகு, ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். பொங்கல் லீவு மட்டும் வேண்டாம், கூட்டம் தாங்காது.

அப்புறம், நேராகக் கோடியக்கரைக்கு ஓடாதீர்கள். காவிரித் தண்ணீர் கடலுக்குப் போகிற பக்கமாகவே நீங்களும் இறங்குங்கள். முதலில் ஏரி, கடைசியில் உப்பளம். தண்ணீர் மாற மாற பறவையும் மாறும்.

முதல் நாள் விடியும்போது வடுவூர் ஏரியில் இருங்கள். மன்னார்குடி சாலையில் 25 கிலோமீட்டர்தான், கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, நாமக்கோழி எல்லாம் பார்க்கலாம். மன்னார்குடி தாண்டியதும் வேகத்தைக் குறைத்து வயலைப் பாருங்கள். நத்தைகுத்தி நாரை நிற்கும். அதன் அலகு சரியாக மூடாத பாக்குவெட்டி மாதிரி நடுவில் இடைவெளியோடு இருக்கும். மேல் அலகால் நத்தையை அமுக்கிக்கொண்டு, கீழ் அலகின் நுனியை நத்தை ஓட்டின் வாய்மூடிக்கு அடியில் விட்டுச் சதையை உருவிவிடும், ஓடு பெரும்பாலும் உடையாமல் கிடக்கும். ஒரு காலி ஓட்டைப் பொறுக்கிப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு உதயமார்த்தாண்டபுரம் பறவைகள் சரணாலயம். வெளியே மேயப் போன கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் எல்லாம் கூடு திரும்பும் நேரம், அதே சமயம் வக்கா என்கிற இராக்கொக்கு இரைதேடக் கிளம்பும். வடுவூரும் இதுவும் 2022-ல் ராம்சார் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை என்றாலும் அடிப்படையில் பாசன ஏரிகள்தான். கோடையில் வந்தால் கிரிக்கெட் ஆடலாம், பறவை பார்க்க முடியாது.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போவதை இந்தத் தடவை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. காடு அழகுதான், ஆனால் மோட்டார் சத்தத்துக்குப் பாதிப் பறவை எழுந்துவிடும், அரை நாளும் போய்விடும். மூன்றாவது நாள் கிடைத்தால் வனத்துறையிடம் முன்னாடியே கேட்டு வைத்துவிட்டுப் போங்கள்.

இரவு வேதாரண்யத்தில் தங்கிவிட்டு, இருட்டு விலகுவதற்குள் கோடியக்கரை சாலையைப் பிடியுங்கள். இதுதான் முக்கியம். சதுப்பு மேற்கே விரிந்து கிடக்கிறது, காலையில் வெயில் உங்கள் முதுகுப் பக்கம் விழும், பூநாரையின் சிவப்பு தெளிவாகத் தெரியும். ஒன்பது மணிக்கு மேல் கானல் எழும்பிவிட்டால் எவ்வளவு நல்ல பைனாகுலரிலும் நடுங்குகிற வெள்ளைக் கோடுதான் தெரியும். நானே ஒருமுறை டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து இப்படிக் கோட்டை விட்டிருக்கிறேன். 8×42 பைனாகுலர் ஒன்று போதும், குடும்பத்துக்கே மாற்றி மாற்றிப் பார்க்கலாம். தனியார் உப்பளங்களுக்குள் அனுமதி இல்லாமல் போகாதீர்கள்.

போகும் வழியில் அகஸ்தியன்பள்ளி உப்பளங்களின் ஓரம் கொசு உள்ளான், உப்புக்கொத்தி மாதிரி சின்னக் கரைப்பறவைகள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். ஏதாவது காலில் வளையமோ வண்ணக் கொடியோ தெரிந்தால் படம் எடுங்கள். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகள் எங்கே போய்வருகின்றன என்று அறியப் பல பத்தாண்டுகளாக வளையம் மாட்டிவருகிறார்கள், அந்தப் படம் அவர்களுக்கு உதவும். இங்கே அப்பா இறங்கவே வேண்டாம். சாலையோரம் நிறுத்தி இன்ஜினை அணைத்துக் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். உள்ளானுக்குக் காரைக் கண்டால் அவ்வளவு பயமில்லை, கதவைத் திறந்து ஆள் இறங்கினால்தான் பறக்கும்.