புல்வெளிக்காரர் சொன்னால் மாமரத்தின் தலையை வெட்டலாமா?

கேள்வி: ஒரத்தநாடு பக்கம் எங்கள் ஊர். நெல், தென்னை சாகுபடி. 3 வருடத்துக்கு முன் வீட்டு முன்புறம் ஒன்றரை அடி உயரத்துக்குச் சவுடு மண் அடித்து, 6 சென்ட்டில் கொரியன் புல் போட்டோம். நடுவில் அப்பா வைத்த மாமரம், வயது 40 இருக்கும். இரண்டு வருடமாகக் காய்ப்பு இல்லை. தெற்குப் பக்கக் கிளைகள் நுனியிலிருந்து காய்கின்றன, அடியில் பிசின் வடிகிறது. ஓரத்துத் தென்னை ஒன்றின் அடியிலும் செம்பழுப்பாக நீர் கசிகிறது. புல் பராமரிக்கும் கம்பெனியினர், மாமரத்தைப் பத்தடி உயரத்தில் வெட்டிவிட்டு உரமும் மருந்தும் தாங்களே பார்த்துக்கொள்வதாக வருட ஒப்பந்தம் கேட்கிறார்கள். சென்னையில் இருக்கும் மகனோ, சான்றிதழ் பெற்ற மர நிபுணரைத்தான் கூப்பிட வேண்டும் என்கிறான். யாரைக் கூப்பிடுவது?

பதில்: புல்லுக்கு அந்தக் கம்பெனியே இருக்கட்டும். மாமரத்தில் மட்டும் அவர்களைக் கை வைக்க விடாதீர்கள். அவர்களுக்கு வருமானம் புல்லில் இருந்து வருகிறது. கொரியன் புல்லுக்கு நல்ல வெயில் வேண்டும், மா நிழலில் அது திட்டுத் திட்டாகப் போகும். தலையை வெட்டச் சொல்வது பெரும்பாலும் புல்லுக்காகத்தான்.

புல் கேட்பதும் மா கேட்பதும் நேர் எதிர். புல்லுக்குத் தினமும் தண்ணீர் தெளிக்கிறீர்கள். மா பூக்க வேண்டுமானால் பூக்கும் முன் ஒன்றிரண்டு மாதமாவது வேர் காய்ந்து கிடக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் தெளிப்பானைத் திறந்துவிட்டால் மரம் பூவுக்குப் போகாமல் தளிர் விடும். புல்லுக்கு மாதாமாதம் போடும் யூரியாவும் அதே வேலையைத்தான் செய்யும். காய்ப்பு நின்றதற்கு இதுவே போதும்.

கிளை காய்வதும் பிசின் வடிவதும் வேறு கதை. ஒன்றரை அடி மண் அடித்தீர்களே, அங்கே ஆரம்பித்தது. மாவின் உணவு உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல் ஒன்றரை அடி மண்ணில்தான் இருக்கும். அதன் மேல் அதே அளவு மண் ஏறி, தினமும் நனைந்துகொண்டும் இருந்தால் வேருக்கு மூச்சு முட்டும். அடியில் களிமண்ணாக இருந்தால் இன்னும் மோசம். புதைந்த பட்டை ஈரத்தில் அழுகி, அங்கிருந்து பிசின் வரும். ஒரு மரம் இதற்கு 3, 4 வருடம் தாக்குப்பிடித்துவிட்டுப் பிறகுதான் காட்டிக்கொடுக்கும். அதனால் மண் அடித்ததை யாரும் காரணமாக நினைப்பதில்லை.

சோதித்துப் பாருங்கள். நன்றாக இருக்கும் மரத்தின் அடி, தரையைத் தொடும் இடத்தில் யானைக்கால் போல் விரிந்து வேராகப் பிரியும். உங்கள் மரம் நட்ட கம்பம் போல் நேராக மண்ணுக்குள் இறங்கினால் அடி புதைந்துவிட்டது என்று அர்த்தம்.

அதை எடுக்க ஜேசிபி வேண்டாம். களைக்கொத்தால், அடிமரத்தைச் சுற்றி 4 அடி வட்டத்துக்கு, விரிந்த பகுதி தெரியும் வரை மண்ணைத் தள்ளுங்கள். மேல் மண்ணில் புதிதாக ஓடிய நூல் வேர்கள் அறுந்தால் பாதகமில்லை. விரல் தடிமனுக்கு மேல் உள்ளதை வெட்டாதீர்கள். தோண்டிய பள்ளத்தில் மழைநீர் தேங்கினால் பட்ட பாடெல்லாம் வீண், எனவே ஒரு பக்கம் வாய்க்கால் வெட்டி வடிய விடுங்கள். அழுகிய பட்டையைக் கத்தியால் நல்ல பட்டை தெரியும் வரை சுரண்டிவிட்டுப் போர்டோ பசை தடவுங்கள். மயில்துத்தம் 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரிலும், சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை வேறு அரை லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, மூன்றாவது பாத்திரத்தில் ஒன்றாக ஊற்றிக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம்தான், இரும்பு ஆகாது. பளபளப்பான கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் சேருங்கள். கலந்த அன்றே தடவிவிட வேண்டும்.

சுரண்டும்போது பட்டையில் துளையும் மரத்தூளும் தெரிந்தால் தண்டுத் துளைப்பான் இருக்கிறது. கம்பியை விட்டுப் புழுவைக் குத்தி எடுத்துவிட்டுத் துளையைக் களிமண்ணால் அடையுங்கள். ஊசி போட்டுச் சரிசெய்கிறேன் என்பவரிடம் எந்த மருந்து, என்ன அளவு என்று எழுதி வாங்காமல் விடாதீர்கள்.

மரத்தைச் சுற்றி 6 அடிக்குப் புல் வேண்டாம். அங்கே காய்ந்த இலைதழையை 3 அங்குலம் பரப்பலாம், ஆனால் அடிமரத்தில் ஒட்டக் கூடாது. புல் வெட்டும் மெஷினின் நைலான் கயிறு அடிப்பட்டையைச் சீவும் தொல்லையும் இதனால் போகும். அகன்ற இலைக் களைக்குக் கம்பெனியினர் 2,4-டி என்ற களைக்கொல்லியை அடிக்கிறார்களா என்று கேளுங்கள். காற்றில் வந்து மாந்தளிரில் பட்டால் இலை சுருண்டு முறுக்கிக்கொள்ளும், அதை நோய் என்று நினைத்து இன்னொரு மருந்தடிப்பார்கள்.

இனி வெட்டும் விஷயம். பத்தடியில் தலையை வெட்டினால், நிழலிலேயே இருந்த பட்டை வெயிலில் வெந்து வெடிக்கும். வெட்டிய இடத்தைச் சுற்றிப் போத்துகள் கற்றையாகக் கிளம்பும். அவை மேல்தோலில் ஒட்டிய போத்துகள், உள்மரத்தோடு பிடிப்பு இல்லாதவை. நாலைந்து வருடத்தில் பருத்து, புயல் காற்றில் முதலில் பிய்ந்து விழுவது அவைதான். 2018 நவம்பர் 16 கஜா புயலைப் பார்த்த ஊரில் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

காய்ந்த கிளையை மட்டும், ஐப்பசி மழைக்கு முன் எடுங்கள். நகத்தால் கீறிப் பார்த்து உள்ளே பச்சை இருந்தால் விட்டுவிடுங்கள், அடுத்த தளிருக்குக் காத்திருக்கலாம். தடித்த கிளைக்கு மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஓரடி தள்ளி அடிப்பக்கம் கால் பங்கு அறுப்பது முதல் வெட்டு. அதற்கு 2 அங்குலம் வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழ விடுவது இரண்டாவது. மிச்சம் நிற்கும் கட்டையை, கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போல் உப்பியிருக்குமே, அந்த உப்பலுக்கு வெளியே அறுப்பது மூன்றாவது. உப்பலைச் சேர்த்து வழித்து வெட்டினால் காயம் மூடாது. கட்டையை நீட்டி விட்டால் அழுகல் உள்ளே இறங்கும். வெட்ட வருபவரிடம் “எந்த இடத்தில் வெட்டுவீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள். இந்த உப்பலைத் தொட்டுக் காட்டினால் சான்றிதழ் இல்லாவிட்டாலும் அவர் ஆள். உயிர் மரத்தில் ஆணி பூட்ஸ் மாட்டி ஏறுபவர் என்றால் அனுப்பிவிடுங்கள். மின்கம்பி பக்கத்தில் போனால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்தாமல் யாரையும் ஏற்றக் கூடாது.

மகன் சொல்வதும் தவறில்லை. சர்வதேச மரவளர்ப்புச் சங்கம் கொடுக்கும் சான்றிதழ் தனி ஆளுக்கானது, கம்பெனிக்கு இல்லை. தேர்வு எழுதிப் பெற்று 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். விளம்பரத்தில் பார்த்தால் வருகிறவரின் பெயரையும் எண்ணையும் கேட்டுச் சரிபாருங்கள். ஆனால் இந்த மாமரத்துக்கு அவ்வளவு தூரத்திலிருந்து ஆளை வரவழைக்க வேண்டியதில்லை. அடிமரத்தைச் சுத்தியால் தட்டும்போது பொந்துச் சத்தம் வந்தாலோ, அடியில் தட்டுக் காளான் முளைத்தாலோ, மரம் புதிதாகச் சாய்ந்து எதிர்ப்பக்கம் மண் வெடித்திருந்தாலோ, மண் எடுக்கும்போது தண்டைச் சுற்றி இறுக்கிய வேர் தெரிந்தாலோதான் அந்தச் செலவு நியாயம். வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். மற்றதற்கு வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம் போதும். உங்களுக்கு ஈச்சங்கோட்டை வேளாண்மைக் கல்லூரியும் பக்கம்தான்.

தென்னைக்குப் புல் கம்பெனியும் வேண்டாம், மர நிபுணரும் வேண்டாம். அடியில் தொடங்கிச் செம்பழுப்பு நீர் மேலே ஏறினால் அடித்தண்டழுகலாக இருக்கலாம். 1952 புயலுக்குப் பின் இந்த மாவட்டத்தில் கண்டதால் தஞ்சாவூர் வாடல் என்றே பெயர் பெற்ற நோய் அது. புல்லுக்குப் பாயும் தண்ணீர் அந்த மரத்திலிருந்து அடுத்ததற்குப் போகாதபடி, 4 அடி தள்ளிச் சுற்றிலும் 2 அடி ஆழம், 1 அடி அகலத்தில் பள்ளம் எடுங்கள். வருடத்துக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கு வையுங்கள். 1 சத போர்டோ கலவை (அதே மயில்துத்தமும் சுண்ணாம்பும்தான், பசையை விடப் பத்து மடங்கு நீர்த்தது) 40 லிட்டரை அடியைச் சுற்றி ஊற்றுங்கள். தண்டின் வெடிப்புகளிலிருந்து கசிந்தால் அது சாறு வடிதல் என்ற வேறு நோயாகவும் இருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு. கசிவு தெரியும் படம், மட்டைகளின் படம் இரண்டையும் எடுத்துக்கொண்டு வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தில் காட்டி, எது என்று உறுதி செய்துகொண்ட பிறகு மருந்து வாங்குங்கள்.