மாண்டலின்: வெளிநாட்டுச் சாமானா, நம்ம ஊர் வேலையா?

கோயில் (சர்ச்) பாடகற்குழுக்களுக்கும் மெல்லிசைக் குழுக்களுக்கும் மாண்டலின் வாங்குகிறவர்கள், எந்த நாட்டில் செய்தது என்று பார்ப்பதற்கு முன்னால் எப்படிச் செய்திருக்கிறது என்று பாருங்கள் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத் தொண்டியிலிருந்து பாம்பன் வரை கடிதங்கள் வந்துவிட்டன. ராமநாதபுரத்தில் தந்தி வாத்தியங்களைப் பழுதுபார்த்துப் பிழைக்கிறவன் நான். இந்தக் கரையோரத்து வாத்தியங்களைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டதை வைத்தே பதில் சொல்கிறேன்.

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி: மெல்லிசைக் குழுவில் வாசிக்கிறேன். துபாயில் இருக்கும் என் காக்கா (அண்ணன்) அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். அங்கே ஒரு கடையில் சீனாவில் செய்த மாண்டலின் பார்த்து வைத்திருக்கிறார். விலை நம்ம பணத்துக்கு அரை லட்சத்தைத் தொடுகிறது. மதுரையில் ஆறாயிரத்துக்கே இந்திய மாண்டலின் கிடைக்கும்போது எட்டு மடங்கு கொடுத்தால் எட்டு மடங்கு நாதம் வருமா?

எட்டு மடங்கு வராது தம்பி. ஆனாலும் காக்காவை வாங்கி வரச் சொல்லுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: மேல்பலகை ஒற்றை மரத்தில் குடைந்ததாக இருக்க வேண்டும்.

மாண்டலினில் எட்டுத் தந்தியும் சேர்ந்து சுமார் 80 கிலோ இழுவையில் நிற்கின்றன. அந்த இழுவையின் ஒரு பங்கு, தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டான பிரிட்ஜ் வழியாக மேல்பலகையை அழுத்துகிறது. பலகை அதைத் தாங்கவும் வேண்டும், அதே நேரத்தில் அதிரவும் வேண்டும். நல்ல ஸ்ப்ரூஸ் மரத்தை நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெலிதாகவும் குடைந்தால் இரண்டும் நடக்கும். பிளைவுட் தாங்கும், ஆனால் அதிராது. நம் தொழிற்சாலைகளிலிருந்து ஆறாயிரம் ரூபாய்க்கு வருகிறவை பெரும்பாலும் பிளைவுட். இதை எழுத எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. கை வேலை தெரிந்தவர்களுக்கு இந்த நாட்டில் பஞ்சமே இல்லை. அந்த விலைக்கு ஒற்றை மரம் போட்டால் கட்டுப்படியாகாது, விஷயம் அவ்வளவுதான்.

சீனாக்காரர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். பெய்ஜிங்கில் மாண்டலின் செய்யும் ஈஸ்ட்மேன் நிறுவனம் முதலில் வயலின் செய்து பழகியது. வயலின் பலகை குடைந்து பழகிய கைகளுக்கு மாண்டலின் பலகை புதிதல்ல. அந்த விலையில் முழுக்க ஒற்றை மரத்தில் குடைந்த வாத்தியத்தை நம் தொழிற்சாலை எதுவும் தருவதாக நான் பார்க்கவில்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: உலகத்தில் பல நல்ல வாத்தியங்களின் விரல்பலகையில் ஒட்டியிருப்பது நம் நாட்டு ஈட்டி மரம்.

கடையில் காக்கா செய்ய வேண்டியது இது. ஒலித்துளையின் விளிம்பைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். மேலே தெரியும் மரத்தின் ரேகை அப்படியே விளிம்பிலும் இறங்கினால் ஒற்றை மரம். அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் பிளைவுட், வேண்டாம். விமானத்தில் ஏற்றும் முன் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தட்டும். முழுக்க அவிழ்க்கக் கூடாது. பிரிட்ஜ் ஒட்டப்பட்டிருக்காது, அதனால் அது நிற்கும் இடத்தைப் பென்சிலால் லேசாகக் குறித்துக்கொள்ளட்டும். வந்த பிறகு அதைச் சரிசெய்து அமைக்க இரண்டு மூன்றாயிரம் தனியாக எடுத்து வையுங்கள்.

பாம்பனிலிருந்து ஒரு சகோதரி: எங்கள் கோயில் பாடகற்குழுவின் மாண்டலின் கொல்கத்தாவில் செய்தது. தந்தியை அழுத்தாமல் மீட்டினால் சுருதி சரியாக இருக்கிறது, மேலே போகப் போக அபசுரம். "நம்ம நாட்டுச் சாமான் இப்படித்தான், வெளிநாட்டுது வாங்குவோம்" என்று கிறிஸ்துமஸுக்குள் நன்கொடை வசூலிக்கப் போகிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

வசூலை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். முதலில் பிரிட்ஜைப் பாருங்கள்.

மாண்டலின் பிரிட்ஜை ஒட்டுவதில்லை, தந்தியின் அழுத்தத்தில்தான் நிற்கும். எட்டுத் தந்தியையும் ஒன்றாகக் கழற்றித் துடைத்துவிட்டுப் புதியதைப் போடும்போது அது விழுந்துவிடும். பிறகு கண்ணுக்குச் சரியாகத் தெரிந்த இடத்தில் வைத்துவிடுவார்கள். இந்தக் கரையில் எனக்கு வரும் "கெட்டுப்போன" மாண்டலின்களில் பாதி இப்படிப்பட்டவைதான். தந்தியை எப்போதும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

சோதிப்பது எளிது. 12ஆம் ஃப்ரெட்டுக்கு (விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிதான் ஃப்ரெட்) நேர் மேலே தந்தியை விரலால் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டினால் மணி போல ஒரு ஒலி வரும். பிறகு அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். அழுத்தியது உயர்ந்து கேட்டால் பிரிட்ஜை வால்பக்கம் ஒரு இம்மி தள்ளுங்கள். தாழ்ந்து கேட்டால் கழுத்துப் பக்கம் தள்ளுங்கள். போனில் இலவசமாகக் கிடைக்கும் ட்யூனர் போதும்.

அதிலும் சரியாகவில்லை என்றால் தந்தியின் உயரத்தைப் பாருங்கள். பாம்பனில் கொண்டல் காற்றோடு மழை வரும் மாதங்களில் மரம் ஈரத்தைக் குடித்து மேல்பலகை லேசாக எழும்பும். பிரிட்ஜும் கூடவே எழும்பும், தந்தி ஃப்ரெட்டிலிருந்து தூரப் போய்விடும். அவ்வளவு உயரத்திலிருந்து அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதி ஏறும். பிரிட்ஜில் சிறு திருகு சக்கரங்கள் இருந்தால் இறக்கிக்கொள்ளலாம். கழுத்தின் உச்சியில் தந்தி உட்காரும் பள்ளங்கள் ஆழம் போதாமல் இருந்தாலும் முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் இதே கோளாறு வரும். இவை எல்லாம் சில நூறு ரூபாய் வேலை.

புதிதாக வரும் சீன வாத்தியங்களிலும் இந்தக் குறைகள் உண்டு. அமெரிக்காவில் நல்ல கடைக்காரர்கள் பெட்டியைப் பிரித்து எல்லாவற்றையும் சரிசெய்த பிறகே விற்கிறார்கள். நமக்கு இந்திய வாத்தியம் பெட்டியிலிருந்து நேராகக் கைக்கு வருகிறது. சரிசெய்த வெளிநாட்டு வாத்தியத்தையும் சரிசெய்யாத நம்மூர் வாத்தியத்தையும் பக்கத்தில் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் அது நியாயமே இல்லை.

ஆனால் ஒரு குறைக்கு மருந்து கிடையாது. ஃப்ரெட் பதித்த இடமே தவறாக இருந்தால் அந்த வாத்தியத்தை விட்டுவிட வேண்டியதுதான். தந்தியின் முழு நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட் வரும் தூரம். மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. இப்படியே போனால் 5ஆம் ஃப்ரெட் ஏறக்குறைய கால் பங்கிலும், 7ஆவது மூன்றில் ஒரு பங்கிலும், 12ஆவது சரியாகப் பாதியிலும் விழும். உங்கள் மாண்டலினில் கழுத்தின் உச்சியிலிருந்து 12ஆம் ஃப்ரெட் வரை 176 மி.மீ. இருந்தால் முழு நீளம் 352. அப்போது 5ஆம் ஃப்ரெட் 88 மி.மீ. தூரத்திலும் 7ஆம் ஃப்ரெட் 117 மி.மீ. தூரத்திலும் இருக்க வேண்டும். ஒரு இரும்பு ஸ்கேலை வைத்து நீங்களே அளந்துவிடலாம். 12ஆம் ஃப்ரெட்டை ஒட்டி அடுத்த ஃப்ரெட்டுக்கு இடைவெளி சுமார் 10 மி.மீ.தான். அங்கே ஒரு மில்லிமீட்டர் பிசகினால் அரை ஸ்வரத்தில் பத்தில் ஒரு பங்கு போய்விடும், கூட்டுப் பாட்டில் அது தெரியும். கிட்டாருக்கு நீளம் அதிகம், இதே பிசகு அங்கே பாதி அளவுதான் கேட்கும். அதனால்தான் மலிவான கிட்டாரை வாசித்துச் சமாளித்துவிடுகிறோம், மலிவான மாண்டலினில் மாட்டிக்கொள்கிறோம்.

அளந்து பாருங்கள். அளவு சரியாக இருந்தால் உங்கள் கொல்கத்தா மாண்டலின் கிறிஸ்துமஸுக்குப் பாடும். அளவு தவறாக இருந்தால் வசூலைத் தொடருங்கள்.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு தகப்பனார்: மகள் மாண்டலினில் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொள்கிறாள். ஆசிரியர் ஐந்து தந்தி எலெக்ட்ரிக் மாண்டலின் செய்து வாங்கச் சொல்கிறார். அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் எட்டுத் தந்தி வாத்தியம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார், அதுவும் விலை உயர்ந்தது. எதை எடுப்பது?

ஆசிரியர் சொல்வதை எடுங்கள். மைத்துனரின் அன்புக்கு நன்றி சொல்லி வேறு ஒன்று கேளுங்கள், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மாண்டலின் ஸ்ரீநிவாஸ் 1969இல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்தவர். 2014 செப்டம்பரில், 45 வயதிலேயே அவரை இழந்தோம். அவர் எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்து, இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, கீழ் ஸ்தாயிக்கு ஐந்தாவது தந்தி ஒன்றைச் சேர்த்தார். சங்கீதத்துக்குத் தேவைப்பட்டதால் செய்த மாற்றம் அது. கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை அசைப்பதற்கு, தந்தியை இழுக்க வேண்டும். இறுக்கமான இரட்டைத் தந்தியை ஒரே அளவில் இழுப்பது பெரியவர்களுக்கே கஷ்டம், சின்னப் பிள்ளையின் விரல் புண்ணாகிவிடும். மரப்பெட்டி மாண்டலினில் மீட்டிய ஒலி சீக்கிரம் அடங்கிவிடும். ஒரு நீண்ட காந்தாரத்தை அசைக்கும் முன்பே நாதம் போய்விட்டால் எதை அசைப்பது? எலெக்ட்ரிக்கில் அந்த ஒலி நிற்கும்.

வெளிநாட்டில் கடைக்கு வரும் மாண்டலின்கள் பெரும்பாலும் அவர்களுடைய சங்கீதத்துக்கு, எட்டுத் தந்தியோடு செய்தவை. எவ்வளவு விலை கொடுத்தாலும் அவை உங்கள் மகளின் பாடத்துக்கு உதவாது. நம் சங்கீதம் தெரிந்து, சொன்னபடி செய்து கொடுக்கும் கைவினைஞர்கள் நம் நாட்டில்தான் இருக்கிறார்கள். இந்த இடத்தில் நான் தயங்காமல் உள்நாட்டு வேலை என்பேன்.

செய்யக் கொடுக்கும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். தந்திகளுக்கு நடுவே அவள் விரல் தாராளமாகப் புக வேண்டும். ஃப்ரெட் கொஞ்சம் உயரமாக இருந்தால் இழுக்கச் சுலபம். மரம் நன்றாக உலர்ந்ததா என்று கேளுங்கள். பச்சை மரத்தில் செய்த கழுத்து தேவிபட்டினத்து வெயிலிலும் ஈரத்திலும் முறுக்கிக்கொள்ளும். உள்ளே பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் கருவி) இருக்கும் குழியில் செம்புத் தகடு ஒட்டச் சொல்லுங்கள், இரைச்சல் குறையும்.

மைத்துனரிடம் கேட்க வேண்டியது: நல்ல கீ ஒரு செட், நல்ல பிக்கப் ஒன்று. தந்தியை முறுக்கும் கீயும் பிக்கப்பும் வெளிநாட்டில் தரமாகக் கிடைக்கின்றன. மர வேலை இங்கே, உலோக வேலை அங்கே. கடைசியில் மகளுக்கு நல்ல வாத்தியம் கிடைக்கும், அவர் கையாலும் ஒன்று வந்ததாக இருக்கும்.

தொண்டியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: பொழுதுபோக்காக மாண்டலின் கற்க ஆசை. கிப்ஸன் போன்ற அமெரிக்க வாத்தியம் தவிர மற்றதெல்லாம் குப்பை என்று அமெரிக்காவில் உள்ள என் மகன் சொல்கிறான். உண்மையா?

ஐயா, உங்கள் மகன் பெருமைப்படுவதில் நியாயம் இருக்கிறது. வயலினைப் போலப் பலகையைக் குடைந்து மாண்டலின் செய்யும் முறைக்கு ஆர்வில் கிப்ஸன் 1898இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பு அமெரிக்கர்கள் வாசித்தவை பெரும்பாலும் இத்தாலிய வகை, பானை வயிறு வைத்த மாண்டலின்கள். மிச்சிகனின் கலமாசூ நகரில் அவர் பெயரில் நடந்த கிப்ஸன் நிறுவனம் 1922இல் எஃப்-5 மாடலை வெளியிட்டது. லாயிட் லோர் என்ற மேற்பார்வையாளர் கையெழுத்திட்ட அந்த வாத்தியங்களுக்கு இன்று கோடி ரூபாய்க்கு மேலும் விலை போகிறது. அந்தக் காலத்தில் அவை அவ்வளவாக விற்கவில்லை. 1923இல் செய்த ஒன்றை மாண்டலின் வித்வான் பில் மன்றோ 1940களில் ஃப்ளோரிடாவில் ஒரு முடிதிருத்தும் கடையிலிருந்து 150 டாலருக்கு வாங்கினார். ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசை வகையே அந்த வாத்தியத்தின் குரலில்தான் வளர்ந்தது.

மற்றதெல்லாம் குப்பை என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கென்டக்கி என்ற பெயரில் 1980களில் ஜப்பானில் செய்த மாண்டலின்களை இன்று அமெரிக்க வித்வான்களே தேடி வாங்குகிறார்கள். அதே பெயரில் இப்போது சீனாவில் செய்கிறவையும் நல்ல வேலைதான். அமெரிக்க வாத்தியத்துக்குப் பிற்காலத்தில் விற்றால் விலை நிற்கும், அது உண்மை. நீங்கள் விற்கப் போவதில்லை, வாசிக்கப் போகிறீர்கள். அதோடு, உயர்ந்த அமெரிக்க வாத்தியங்களில் பூசும் மெல்லிய லாக்கர் நாதத்துக்கு நல்லது, நம் வியர்வைக்கு ஆகாது. கை படும் இடமெல்லாம் பிசுபிசுத்துத் தேயும். சீனாவில் பூசும் கனமான பாலிஷ் கடற்கரையில் தாக்குப்பிடிக்கிறது.

பல லட்சம் செலவழிக்க வேண்டாம் ஐயா. நாற்பது, ஐம்பதாயிரத்துக்குள் ஒற்றை மரத்தில் ஒன்று வாங்குங்கள். மிச்சப் பணத்தில் ஒரு நல்ல ஆசிரியரை அமர்த்திக்கொள்ளுங்கள்.

மண்டபத்திலிருந்து ஒரு வாசகர்: தந்தி பதினைந்து நாளில் துருப்பிடிக்கிறது. வெளிநாட்டுத் தந்தி வாங்கினால் தாங்குமா?

தாங்கும், மேலே மெல்லிய பூச்சு உள்ளதாக வாங்கினால். எலிக்சர் போன்ற பூச்சுத் தந்தி விலை அதிகம், ஆனால் மண்டபத்தில் சாதாரணத் தந்தியைப் போல மூன்று மடங்காவது உழைக்கும். கச்சான் காற்று உப்பை அள்ளி வரும் மாதங்களில் எந்த நாட்டுத் தந்தியானாலும் வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால், தந்தியின் அடிப்பக்கம் உட்பட, துடையுங்கள். பெட்டியில் வைத்து மூடுங்கள், சுவரில் மாட்டாதீர்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு கிடக்கட்டும். மாதம் ஒரு முறை கீயின் பல்சக்கரத்தில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள், மரத்தில் படாமல். மேல் இரண்டு ஜோடி சுற்றில்லாத வெறும் எஃகு என்பதால் அவைதான் முதலில் துருவேறும். அந்த நான்கை மட்டும் தனியாக வாங்கி மாற்றிக்கொண்டால் ஒவ்வொரு முறையும் முழு செட்டுக்குக் காசு போடத் தேவையில்லை.