ஸ்காபரோவில் அறை தேடும் தம்பிக்கு

"கனடாவுக்குப் படிக்க வருகிறேன் அண்ணா. அறை, வேலை, டொக்டர் எல்லாத்துக்கும் எந்த இணையத்தளத்தை நம்பலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையும் டொக்டரும் வந்த பிறகு பார்க்கலாம். அறைதான் அவசரம்.

படத்தைப் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்தில் இருந்தபடியே ஒரு சதமும் அனுப்பாதீர்கள். படம் வேறு யாருடையதோ வீட்டினுடையதாக இருக்கலாம். இங்குள்ள ஆக்களே எழுதும் உள்ளூர்ப் பக்கங்களில் அந்தத் தெருவின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். மழைக்கு பேஸ்மென்ற்றில் தண்ணீர் வருமா, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் காய வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். நகரசபை அதைச் சொல்லாது. ஆனால் சட்டம் என்று அங்கே யார் எழுதினாலும் ஒன்ராறியோ அரசின் தளத்தில் ஒருதரம் பாருங்கள். முன்பணமாகக் கடைசி மாத வாடகையைக் கேட்கலாம், சரி. சேதத்துக்கென்று 'டமேஜ் டிப்பொசிற்' தனியாகக் கேட்பது சட்டப்படி செல்லாது. இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: வீட்டுக்காரரோடு குசினியோ குளியலறையோ பகிர வேண்டிய அறை என்றால் அந்த வாடகைச் சட்டமே உங்களைக் காக்காது. எங்கள் ஆக்கள் விடும் அறைகள் பல அப்படித்தான்.

நான் வந்த தொண்ணூறுகளில் தமிழ்க்கடைச் சுவரில் ஒட்டிய துண்டுதான் எல்லாம். அடியில் போன் நம்பரைக் கீற்றுக் கீற்றாக வெட்டிவிட்டிருப்பார்கள். ஒன்றைக் கிழித்துக்கொண்டு போய், தெருமுனை டெலிபோனில் கால் டொலர் போட்டுக் கதைக்க வேண்டும். அப்படிக் கிடைத்த முதல் அறையின் வீட்டுக்காரர், நான் வெளிக்கிடும்போது கதவில் ஒரு ஆணித் துளையைக் காட்டி முன்பணத்தை விழுங்கினார். அவரும் எங்கள் ஊர்தான்! 'ஊர்ச்சனம் ஏமாற்றாது' என்று யாரும் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

2002 இல், ஸ்காபரோவும் அடங்கிய ரொறன்ரோவுக்கு 211 என்ற தொலைபேசி எண் வந்தது. அந்த எண்ணை அழைத்து எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று கேட்கலாம், மொழிபெயர்ப்பாளர் மூலம் தமிழிலும். காசில்லை. தளத்திலும் தேடலாம். இருந்தும் ஒரு படிவம் நிரப்பக் காசு வாங்கும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இத்தனை வருடம் இங்கே இருந்தும் நூலகப் பக்கம் எட்டிப் பார்க்காத சனம் அவர்களைத்தான் தேடிப் போகிறது. நீங்கள் முதல் கிழமையே நூலக அட்டை எடுங்கள். ரொறன்ரோவில் படிக்கிறவருக்கு அதுவும் இலவசம்.

குளிர்க்கோட்டு பற்றியும் கேட்டிருந்தீர்கள். இங்கே வந்து வாங்குங்கள். கொழும்பில் வாங்கினது நவம்பருக்கே காணாது.