ஜெல்லில் பட்டை தடித்தால் போதுமா? மென்சவ்வுப் புரதங்கள் பற்றிய வாசகர் கேள்விகள்

எலிக்காய்ச்சலை ஆராய ஏன் ஈ.கோலையை வளர்க்கிறார்கள்? (உயர்தர மாணவி, பருத்தித்துறை)

எலிக்காய்ச்சல் தரும் கிருமியான லெப்டோஸ்பைரா மெதுவாக வளரும், வாரக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். நோயும் தரும். குடல் பக்டீரியாவான ஈ.கோலையின் ஆய்வுகூட வகையான பிஎல்21 நோய் தராது, ஒரே இரவில் குடுவை நிறைந்துவிடும். வேண்டிய புரதத்தின் மரபணுவைப் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் ஏற்றி இதற்குள் விட்டால், கிருமியைத் தொடாமலே அந்தப் புரதத்தைப் படிக்கலாம். கிருமி எங்கள் கலங்களில் ஒட்டுவதும், எங்கள் பிறபொருளெதிரிகள் அதை அடையாளம் காண்பதும் அதைச் சுற்றியுள்ள இரு சவ்வுகளில் வெளியே இருக்கும் வெளிச்சவ்வில்தான். அதனால்தான் அங்குள்ள புரதங்கள் மேல் இவ்வளவு கண்.

புரத உற்பத்தியைத் தொடக்கும் ஐபிடிஜி சேர்த்ததும் வளர்ச்சி நின்றுவிடுகிறது. புரதம் முழுவதும் அடியில் படிகிறது. (கம்பஸ் மாணவர், திருநெல்வேலி)

மென்சவ்வில் இடம் கொஞ்சம். புரதத்தை அதற்குள் செருகும் பொறிமுறைக்கும் ஒரு எல்லை உண்டு. ஐபிடிஜி முடுக்கிவிடும் டி7 என்ற மரபணுத் தொகுதி அந்த எல்லையைப் பார்க்காமல் உற்பத்தி செய்கிறது, கலம் திணறுகிறது. ஐபிடிஜியைக் குறைத்து, 37 பாகையிலிருந்து 18 அல்லது 20க்கு இறக்கி, இரவு முழுக்க விடுங்கள். அப்படியும் சரிவராவிட்டால் சி41, சி43 என்ற பிஎல்21 வகைகளுக்கு மாறுங்கள். 1996இல் ஆய்வாளர்கள் மிரூவும் வாக்கரும் இதே தொல்லைக்காகத் தேர்ந்தெடுத்தவை அவை.

அப்புறம், "அடியில்" என்றால் மையவிலக்கியின் எந்தச் சுற்றில்? 10,000 ஜியிலேயே (புவியீர்ப்பைப்போல 10,000 மடங்கு விசையிலேயே) படிந்தால் பெரும்பாலும் அது மடியாத புரதத் திரள். மென்சவ்வுத் துண்டுகள் இறங்க 100,000 ஜி அளவு வேண்டும். உங்களுடையது வெளிச்சவ்வில் பீப்பாய் வடிவில் மடியும் பீட்டா பீப்பாய்ப் புரதமென்றால் திரளும் உதவும்: 8 மோலார் யூரியாவில் கரைத்து, எல்டிஏஓ போன்ற டிட்டர்ஜென்டில் (சவர்க்காரம் போன்ற பொருளில்) திரும்ப மடியவைக்கலாம். உட்சவ்வின் ஹீலிக்ஸ் (சுருள் வடிவ) புரதமென்றால் அந்த வழியில் மினைக்கெட வேண்டாம். பெரும்பாலும் கைகூடாது.

ஹிஸ்டிடின் வால் பூட்டிய புரதத்தைப் பிடிக்கும் நிக்கல் கொலத்தில் சுத்தமாக்கி ஜெல்லில் ஓடவிட்டால், 100 கிலோடால்டனுக்கு (புரத எடையின் அலகு) சற்று மேலே ஒரு பட்டை விடாமல் வருகிறது.

ஏசிஆர்பி ஆக இருக்கலாம். மருந்தை வெளியே தள்ளும் ஈ.கோலையின் சொந்தப் பம்பு அது. வால் பகுதியில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் இருப்பதால் நிக்கலில் ஒட்டும். தங்கள் புரதமென்று நம்பி இதையே பளிங்காக்கியவர்கள் உண்டு. கழுவும்போது, பலவீனமாக ஒட்டியவற்றைக் கழற்றும் இமிடசோலைக் கூட்டுங்கள்.

பட்டை தடிப்பாக, சுத்தமாக இருக்கிறது. போதும்தானே?

போதாது. இதை நான் அழுத்திச் சொல்வேன். புரதங்களைப் பட்டைகளாகப் பிரிக்கும் எஸ்டிஎஸ் ஜெல் அளவைக் காட்டும், வடிவத்தைக் காட்டாது. பீட்டா பீப்பாய்ப் புரதத்துக்கு நல்ல சோதனை ஒன்றிருக்கிறது: ஒரே மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கொதிக்கவையுங்கள், மற்றதை அப்படியே ஓடவிடுங்கள். ஈ.கோலையின் வெளிச்சவ்வுப் புரதமான ஓஎம்பிஏயைப் பாருங்கள்: கொதித்தது 35 கிலோடால்டனில் நிற்கும், மடிந்தது 30 அளவுக்கு இறங்கும். இரண்டும் ஒரே உயரத்தில் நின்றால் மடியவில்லை என்றே சந்தேகியுங்கள். ஹீலிக்ஸ் புரதத்தைக் கொதிக்கவைத்தால் திரண்டு, ஜெல்லில் மாதிரியை இடும் கிணற்றின் வாயிலேயே தங்கிவிடும், அதை 37 பாகைக்கு மேல் சூடாக்காமல் ஏற்றுவதே நல்லது.

மடியாத புரதத்தை எலிக்கு ஏற்றினால் பிறபொருளெதிரி வரும், ஆனால் அது உயிருள்ள கிருமியின் மேற்பரப்பை அடையாளம் காணாமல் போகலாம். பல மாத உழைப்பு இப்படி வீணாவதைப் பார்க்க மனம் பொறுக்காது.

இதிலிருந்து எலிக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி வருமா? (விவசாயி, கரவெட்டி)

உடனே வராது ஐயா. இந்தக் கிருமியில் 250க்கும் மேற்பட்ட உபவகைகள். கொன்ற கிருமியால் செய்த ஊசி பெரும்பாலும் தன் வகையைத்தான் தடுக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வெளிச்சவ்வுப் புரதத்தைத் தேடுவது அதனால்தான். லிப்எல்32 என்ற புரதத்தின் மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. நோய் தரும் வகைகளில் அது ஏராளம், நோய் தராத லெப்டோஸ்பைரா பைபிளெக்சாவில் இல்லை. ஆனாலும் அதை நீக்கிய கிருமி ஹாம்ஸ்டர்களுக்கு நோய் தந்தது. நோயறியும் சோதனைகளில் அந்தப் புரதம் இன்றும் பயன்படுகிறது.

நீங்கள் இப்போது செய்யக்கூடியது: வயலில் இறங்கும் காலத்தில் டொக்சிசைக்கிளின் பற்றி உங்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். வெள்ளத்திலோ வயலிலோ நின்ற பிறகு காய்ச்சலும் தசைநோவும் வந்தால் பனடோலோடு வீட்டில் கிடக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போய், "வயலில் இறங்கினேன்" என்பதை நீங்களாகவே டொக்டரிடம் சொல்லுங்கள்.